மாட்யூலை பிரவுசரே எடுத்துக்கொள்ளட்டும்

சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் என்னிடம் வெப் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம், தொடக்கத்தில் எந்த பண்ட்லரையும் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் கருவி) நிறுவ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வெப்பேக் வேண்டாம், வீட் வேண்டாம், பேக்கேஜ்களை இறக்கித்தரும் என்பிஎம் கூட வேண்டாம். ஒரு எச்டிஎம்எல் கோப்பு, நாலைந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், ஒரு சின்ன சர்வர் போதும். மாட்யூல்களை, அதாவது தனித்தனிக் கோப்பாகப் பிரித்து எழுதிய நிரல் துண்டுகளை, பிரவுசரே தேடி எடுத்து, தானே கோத்து ஓட்டட்டும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். "வேலைக்குப் போன இடத்துல யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க, பிள்ளைங்க நேரத்தை ஏன் வீணாக்குற?" என்கிறார்கள். வீணாகவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஊர் நிலவரம். ஈப்போவுக்கு வடக்கே, தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ரப்பர், இப்போது செம்பனைதான் அதிகம். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். அப்பா அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பார்கள், அல்லது லாரி ஓட்டுவார்கள். பிள்ளைகளின் கையில் இருப்பது அண்ணனோ மாமாவோ கொடுத்த பழைய மடிக்கணினி. ரேம் நாலு ஜிபி இருந்தால் பெரிய விஷயம். இணையம் என்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், அதுவும் ப்ரீபெய்ட் டேட்டா. இந்த நிலையில் வழக்கமான டுடோரியல் ஒன்றைத் திறந்தால், அது சொல்லும் முதல் கட்டளையே பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை, இறக்கும். பிள்ளை இன்னும் சொந்தமாக ஒரு வரிகூட எழுதியிருக்காது, அதற்குள் அன்றைய டேட்டா காலி.

ஆனால் டேட்டா மட்டும் காரணம் என்றால் நான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். உண்மையான காரணம் வேறு. பண்ட்லர் நடுவில் உட்கார்ந்துவிட்டால், திரையில் ஒரு பிழை வரும்போது பேசுவது யார் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. பிரவுசர் சொல்கிறதா, சர்வர் சொல்கிறதா, பண்ட்லர் சொல்கிறதா, பண்ட்லரின் பிளக்இன் சொல்கிறதா? பிழையை அப்படியே கூகுளில் ஒட்டி, கிடைத்த பதிலை அப்படியே திரும்ப ஒட்டுகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. நடுவில் யாரும் இல்லாமல் பிரவுசரோடு நேரடியாகப் பழகியவர்களுக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை. இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் இது ஏன் இப்போது சாத்தியம் என்பது புரியும். ஜாவாஸ்கிரிப்டில் நீண்ட காலம் மாட்யூல் என்ற ஒன்றே கிடையாது. ஸ்கிரிப்ட் டேக்குகளை வரிசையாக அடுக்குவோம், எல்லா மாறிகளும் ஒரே பொது இடத்தில் விழும், வரிசை மாறினால் எல்லாம் கெடும். 2009ல் காமன்ஜேஎஸ் என்ற மாட்யூல் ஏற்பாடு வந்தது, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ் அதே ஆண்டு வந்து அதை எடுத்துக்கொண்டது. அது சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குச் சரி. கோப்பு பக்கத்திலேயே டிஸ்க்கில் இருக்கிறது, படித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம். பிரவுசருக்கோ கோப்பு நெட்வொர்க் வழியே வர வேண்டும், அதனால் அது ஒத்துவரவில்லை. ரிக்வயர்ஜேஎஸ் என்ற லைப்ரரி அதற்கு ஒரு வழி கண்டது. 2011ல் பிரவுசரிஃபை, 2012ல் வெப்பேக் என்ற பண்ட்லர்கள் வந்து, எல்லாக் கோப்புகளையும் முன்கூட்டியே ஒன்றாகக் கட்டிக் கொடுத்தன. 2015 ஜூனில் வெளியான மொழித் தரத்தில் வேறு கோப்பிலிருந்து வாங்கும் இம்போர்ட், வேறு கோப்புக்குக் கொடுக்கும் எக்ஸ்போர்ட் இரண்டும் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனாலும் பிரவுசர்கள் அதைப் புரிந்துகொள்ளும் வரை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சஃபாரி 2017 மார்ச்சில், குரோம் அதே ஆண்டு செப்டம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் 2018 மே மாதத்தில். ஆக இன்று பிள்ளைகளின் பழைய மடிக்கணினியில் இருக்கும் எந்த பிரவுசரும் மாட்யூலைத் தானே ஏற்றும். அந்த வசதி கையில் இருக்கும்போது அதைப் பார்க்காமலேயே தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் வகுப்புக்கு ஒரே புராஜெக்ட்தான். செம்பனைக் குலை எடைக் கணக்கு. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர் குலையை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்புகிறார், எடை போடுகிறார்கள், அன்றைய விலையால் பெருக்கிக் கூலியும் லாரி வாடகையும் கழித்துக் கையில் வருவது எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று காட்ட வேண்டும். இதை எல்லாரும் வீட்டில் பார்த்திருக்கிறார்கள், அதனால் கணக்கை விளக்கத் தேவையில்லை. விலைக்கு ஒரு மாட்யூல், கணக்குக்கு ஒன்று, ரசீதுக்கு ஒன்று, இவற்றைச் சேர்த்து ஓட்டும் மெயின் கோப்பு ஒன்று. எச்டிஎம்எல்லில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் டேக், அதன் டைப் மாட்யூல்.

எழுதி முடித்து, எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்வார்கள். வெள்ளைத் திரை. "அண்ணே, ஒன்னுமே வரல லா" என்று ஒரே நேரத்தில் நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். பிரவுசர் தன் பிழைச் செய்திகளை எழுதும் கன்சோலைத் திறக்கச் சொல்வேன். அங்கே சிவப்பில் கார்ஸ் என்ற சொல்லும், ஒரிஜின் நல் என்ற சொல்லும் இருக்கும். இந்த இடத்தில் நான் அவசரப்படுவதே இல்லை. சாதாரண ஸ்கிரிப்டை பிரவுசர் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிடும், மாட்யூல் ஸ்கிரிப்டை அப்படி எடுக்காது. அதை எப்போதும் கார்ஸ் விதிப்படிதான் (வேறு இடத்துக் கோப்பைப் பக்கம் கேட்கலாமா என்று பார்க்கும் அனுமதி விதி) கேட்டு வாங்கும். டபுள் கிளிக் செய்தால் பக்கத்தின் முகவரி ஃபைல் என்று தொடங்குகிறது. அப்படித் திறந்த பக்கத்துக்கு இன்ன இடத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஓர் ஊர், அதாவது ஒரிஜின், இல்லை; நல் என்பது அதைத்தான் சொல்கிறது. ஊர் இல்லாத பக்கத்துக்கு மாட்யூலைக் கொடுக்க பிரவுசர் மறுக்கிறது. உங்கள் டிஸ்க்கில் இருக்கும் மற்றக் கோப்புகளை ஏதோ ஒரு பக்கம் படித்துவிடக் கூடாது என்ற பாதுகாப்புதான் இதன் அடிப்படை.

சரி, அப்போது ஒரு சர்வர் வேண்டும். பைத்தான் இருக்கும் கணினியில் ஒரே கட்டளையில் அதன் எச்டிடிபி சர்வர் எழுந்து நிற்கும், 8000 என்ற போர்ட்டில். பைத்தான் இல்லாதவர்கள் விஎஸ் கோட் எடிட்டரில் லைவ் சர்வர் நீட்சியைப் போட்டுக்கொள்கிறார்கள். சொந்தக் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியை அடித்ததும் பெரும்பாலானவர்களுக்குத் திரையில் எண் வந்துவிடும். சிலருக்கு இன்னும் வெள்ளையாகவே இருக்கும், அவர்களால்தான் மற்றவர்களுக்கும் அடுத்த பாடம் கிடைக்கிறது.

மாட்யூல் கோப்போடு சர்வர் ஒரு வகைச் சீட்டும் அனுப்ப வேண்டும், இது ஜாவாஸ்கிரிப்ட் என்று. மைம் டைப் என்பது அதுதான். பழைய ஸ்கிரிப்ட் டேக் இதில் தாராளம், சீட்டில் வேறு என்ன எழுதியிருந்தாலும் பெரும்பாலும் ஓட்டிவிடும். மாட்யூல் கறார். விண்டோஸில் பைத்தான் சர்வர் இந்த வகையை விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து முடிவு செய்கிறது. என்றோ நிறுவிய ஏதோ ஒரு மென்பொருள் அங்கே ஜேஎஸ் கோப்பு வெறும் டெக்ஸ்ட் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தால், சர்வரும் அப்படியே சொல்லும், பிரவுசரும் மாட்டேன் என்றுவிடும். அடிவரை கைவிட்டுத் தேட வேண்டிய பிழை இது. ஆனால் இதே பிழை வேறு வேடத்திலும் வரும். ஜாவாஸ்கிரிப்டை எதிர்பார்த்தேன், எச்டிஎம்எல் வந்தது என்று பிரவுசர் புகார் சொன்னால், மைம் டைப்பைத் துருவிக்கொண்டு உட்காராதீர்கள். தொண்ணூறு சதவீதம் பாதை தவறு. கேட்ட கோப்பு இல்லாதபோது, இல்லை என்று பொருள்படும் 404ஐச் சொல்வதற்குப் பதிலாக முகப்புப் பக்கத்தையே திருப்பி அனுப்பும்படி பல டெவலப்மென்ட் சர்வர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பிரவுசரோடு வரும் டெவ்டூல்ஸ் கருவியின் நெட்வொர்க் பக்கத்தில் அந்தக் கோப்பின் மேல் கிளிக் செய்து, வந்தது என்ன என்று பார்த்தால் சொந்தப் பக்கத்தின் தலைப்பே அங்கே இருக்கும்.

பாதை விஷயத்தில் பிரவுசர் எதையும் ஊகிக்காது. கோப்பின் பெயரோடு .ஜேஎஸ் என்ற வாலும் வேண்டும், முன்னால் புள்ளியும் சாய்கோடும் வேண்டும். இதைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். எழுத்து பெரியதா சிறியதா என்பதுதான் மோசமான இடம். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறோம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, பிரவுசருக்கு அப்படி இல்லை. இதை ஒரு மாணவியின் திரையில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, விலையை மாத்திட்டேன். மேல சரியா காட்டுது. ரசீதுல மட்டும் பழைய விலையே நிக்குது."

"நெட்வொர்க்கைத் திறம்மா. விலைக் கோப்பு எத்தனை தடவை வந்திருக்கு பாரு."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு தடவை. ஒன்னுல முதல் எழுத்து பெருசா இருக்கு."

அவ்வளவுதான் பிழை. பிரவுசர் ஒவ்வொரு மாட்யூலையும் அதன் முழு முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒரே முகவரியை எத்தனை கோப்புகள் கேட்டாலும் ஒரே முறைதான் எடுக்கும், ஒரே முறைதான் ஓட்டும், எல்லாருக்கும் அதே பிரதியைக் கொடுக்கும். முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு மாட்யூல். மெயின் கோப்பு ஒரு விலையை மாற்றியது, ரசீது இன்னொரு விலையைப் படித்தது, இரண்டும் டிஸ்க்கில் ஒரே கோப்பு. இதே புராஜெக்ட்டை லினக்ஸ் சர்வரில் ஏற்றியிருந்தால் இரண்டு பிரதிகூட வந்திருக்காது, நேராக 404 விழுந்து திரை வெள்ளையாகியிருக்கும். அந்த மாணவி அதற்கப்புறம் எல்லாக் கோப்புப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைக்கிறாள், பக்கத்தில் இருப்பவர்களையும் வைக்கச் சொல்லி மிரட்டுகிறாள். முகவரிதான் மாட்யூலின் அடையாளம் என்ற இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால், பிற்பாடு வரும் பல விஷயங்கள் தானாகவே விளங்கும்.

வெள்ளைத் திரை ஏன் முழுசாக வெள்ளையாக இருக்கிறது, பாதியாவது வரக்கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரவுசர் மெயின் கோப்பை எடுத்ததும் ஓட்டுவதில்லை. முதலில் படித்து, அதில் என்னென்ன இம்போர்ட் இருக்கின்றன என்று பார்க்கிறது. அவற்றை எடுத்து, அவற்றுக்குள் இருக்கும் இம்போர்ட்டுகளையும் பார்த்து, கடைசிக் கோப்பு வரும்வரை போகிறது. பிறகு யார் எதை எக்ஸ்போர்ட் செய்கிறார்கள், யார் எதைக் கேட்கிறார்கள் என்று பெயர்களைப் பொருத்துகிறது. எல்லாம் பொருந்திய பிறகுதான் முதல் வரி ஓடும். எங்கோ அடியில் இருக்கும் ஒரு கோப்பு கிடைக்காவிட்டாலும், ஒரு பெயர் பொருந்தாவிட்டாலும், எதுவுமே ஓடாது. எனக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் பிடிக்கும். பழைய ஸ்கிரிப்ட் வரிசையில் பாதி ஓடி, பாதி நின்று, பயனர் ரசீது பட்டனை அழுத்தும்போதுதான் ஓட்டை தெரியும். இங்கே பக்கம் திறந்தவுடனேயே தெரிந்துவிடுகிறது, அதுவும் இன்ன கோப்பு இன்ன பெயரைத் தரவில்லை என்று தெளிவாக.

இன்னொன்று, பட்டனில் நேராக ஆன்கிளிக் எழுதிப் பழகியவர்களுக்கு அது வேலை செய்யாது. மாட்யூலுக்குள் எழுதிய ஃபங்ஷன் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும், பக்கத்தின் பொது இடத்துக்கு வராது. பட்டனை ஜாவாஸ்கிரிப்டில் பிடித்து ஈவன்ட் லிசனர் போட வேண்டும். மாட்யூல் ஸ்கிரிப்ட் எப்படியும் எச்டிஎம்எல்லை முழுசாகப் படித்த பிறகுதான் ஓடுகிறது என்பதால் பட்டன் இன்னும் வரவில்லையே என்ற கவலை கிடையாது.

இதெல்லாம் சொந்தக் கோப்புகளுக்கு. வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரலை, கொண்டுவரும்போதுதான் நண்பர்களின் வாதத்துக்கு வலு வருகிறது. இணையத்தில் இருக்கும் எந்த உதாரணத்தைப் பார்த்தாலும் லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதி இம்போர்ட் செய்திருப்பார்கள். பிரவுசரில் அதை அப்படியே ஒட்டினால், இந்தப் பெயரை என்னால் தீர்க்க முடியவில்லை, சாய்கோடோ புள்ளி சாய்கோடோ முன்னால் வேண்டும் என்று பதில் வரும். இந்த இடத்தில் மட்டும் நான் தோட்டத்துக் கதை சொல்வேன். தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனியாகக் கடிதம் வந்ததில்லை. எல்லாம் தோட்ட ஆபீஸுக்கு மொத்தமாக வரும். உறையில் பெயர் மட்டும் இருந்தாலும் போதும், ஆள் யார், எந்த லயம் என்று ஆபீஸ் எழுத்தரான கிராணி சொல்லிவிடுவார். நோட்ஜேஎஸ்ஸிடம் அப்படி ஒரு கிராணி இருக்கிறார். வெறும் பெயரைக் கொடுத்தால் நோட் மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரை இந்த இடத்தில் தேடி, இல்லாவிட்டால் அதற்கு மேல் ஃபோல்டரில் தேடி, கண்டுபிடித்துக் கொடுப்பார். பிரவுசர் உலகம் முழுக்க முகவரியை வைத்து நடப்பது, அங்கே கிராணி கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவது என்றால் ஒவ்வொரு தேடலும் நெட்வொர்க்கில் ஒரு பயணம், அது கட்டுப்படியாகாது.

அதற்குத்தான் இம்போர்ட் மேப். எச்டிஎம்எல்லிலேயே ஒரு சின்ன ஜேசான் பட்டியல், இந்தப் பெயர் வந்தால் இந்த முகவரிக்குப் போ என்று. குரோமில் 2021லும், ஃபயர்ஃபாக்ஸில் 2022 இறுதியிலும், சஃபாரியில் 2023லும் வந்துவிட்டது. மாட்யூல் ஸ்கிரிப்டுக்கு மேலே அதை வைக்கச் சொல்கிறேன். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு கமா தெரியாமல் விழுந்தால் முழுப் பட்டியலும் செல்லாது, ஜேசானுக்கு அந்தக் கமா ஆகாது. இஎஸ்எம்.எஸ்எச் போன்ற சிடிஎன்களிலிருந்து (லைப்ரரிகளை இணையம் வழியே தரும் சர்வர்கள்) நேராக எடுக்கலாம் என்றாலும் நான் அதை ஊக்குவிப்பதில்லை. ஹாட்ஸ்பாட் திணறும் மாலையில் வகுப்பே நின்றுவிடும். லைப்ரரியின் ஒற்றை மாட்யூல் கோப்பை ஒரு முறை இறக்கி, புராஜெக்ட் ஃபோல்டரிலேயே வைத்து, இம்போர்ட் மேப்பில் அதைக் காட்டுகிறோம். ரியாக்ட் என்ற லைப்ரரியில் எழுதுவது போன்று எழுத ஆசைப்படுபவர்களுக்கு, பிரீயாக்ட், எச்டிஎம் என்ற இரண்டு சின்ன லைப்ரரிகளும் சேர்ந்த ஒரே கோப்பு கிடைக்கிறது. ரியாக்டில் எச்டிஎம்எல் போலவே எழுதும் ஜேஎஸ்எக்ஸை பிரவுசர் புரிந்துகொள்ளாது, யாராவது மாற்றிக்கொடுக்க வேண்டும். எச்டிஎம் அதே வேலையை ஜாவாஸ்கிரிப்டின் சொந்த டெம்ப்ளேட் எழுத்திலேயே செய்வதால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்கள் நிறைந்த லோடாஷ் மாதிரி ஒரு லைப்ரரி வந்தால் கதை மாறும். அதன் மாட்யூல் வடிவத்துக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக முழு லைப்ரரியையும் இம்போர்ட் செய்தால் பிரவுசர் அறுநூறு கோரிக்கை அனுப்பும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் பழைய 1.1ல் ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள்தான், மிச்சமெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். பைத்தானின் சின்ன சர்வரோ அதற்கும் பழைய 1.0ஐப் பேசுவது, ஒவ்வொரு கோப்புக்கும் புது இணைப்பு திறந்து மூடும். இதைச் சொல்லாமல் காட்டிவிடுகிறேன். நெட்வொர்க் பக்கத்தைத் திறந்துவைத்து ரீலோட் செய்யச் சொல்வேன். பழைய மடிக்கணினியின் விசிறி சத்தம் போட ஆரம்பிக்கும், வரிசை நீண்டுகொண்டே போகும்.

எண்ணிக்கையைவிட ஆழம் இன்னும் மோசம். டெவ்டூல்ஸில் இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எங்கள் எடைக் கணக்கை ரீலோட் செய்தால், நெட்வொர்க் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பும் வந்த நேரத்தைக் காட்டும் பட்டைகள் ஒன்றின் முடிவில் அடுத்தது என்று வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். மெயின் கோப்பு வந்து சேரும்வரை ரசீது என்ற ஒன்று இருப்பதே பிரவுசருக்குத் தெரியாது, ரசீது வரும்வரை அதற்குள் இருக்கும் விலை தெரியாது. ஒரு போக்குவரத்துக்கு நூறு மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டு, ஐந்து அடுக்கு இருந்தால், அரை செகண்ட் வெறும் காத்திருப்பு. லோக்கல்ஹோஸ்ட்டில் இது கண்ணுக்கே தெரியாது, தோட்டத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் கைப்பேசியில் நன்றாகத் தெரியும்.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு வீட் என்ன செய்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்கிறார்கள். வியூ ஃபிரேம்வொர்க்கை எழுதிய எவன் யூ 2020ல் தொடங்கியது அது. டெவலப்மென்ட் நேரத்தில் நாம் எழுதும் கோப்புகளை அது கட்டுவதில்லை. பிரவுசர் கேட்கும்போது ஒவ்வொன்றாகவே கொடுக்கிறது, தேவைப்பட்டால் ஜேஎஸ்எக்ஸையும் டைப்ஸ்கிரிப்டையும் போகிற வழியில் மாற்றிக்கொடுக்கிறது. நாம் கையால் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. வெறும் பெயரைப் பார்த்தால் அதை முழு முகவரியாக மாற்றி எழுதிவிடுகிறது. லோடாஷ் போன்ற வெளி லைப்ரரிகளை மட்டும் முன்கூட்டியே ஒரே கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. அறுநூறு கோரிக்கை ஒன்றாகிவிடும். அந்தக் கோப்புகள் அடிக்கடி மாறாது என்பதால் ஓராண்டுக்குத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று பிரவுசரிடம் சொல்லி, முகவரியின் வாலில் ஒரு பதிப்பு எண்ணையும் ஒட்டிவிடுகிறது. லைப்ரரி மாறினால் எண் மாறும், முகவரி மாறும், பிரவுசருக்கு அது புது மாட்யூல்.

கோப்பைச் சேமித்தவுடன் பக்கம் ரீலோட் ஆகாமலேயே மாற்றம் தெரிகிறதே, அதுவும் இந்த வாலால்தான். ஒருமுறை ஏற்றிய மாட்யூலை மறந்துவிடு என்று பிரவுசரிடம் சொல்ல வழி இல்லை. அதனால் மாறிய கோப்பை, வாலில் நேரத்தைக் குறிக்கும் எண்ணோடு புது முகவரியில் கேட்க வைக்கிறார்கள். எது மாறியது என்ற தகவல் வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியே வருகிறது. "அன்னைக்கு ரெண்டு விலை வந்துச்சே, அதையே வேணும்னு செய்றாங்களா அண்ணே?" என்று அந்த மாணவி கேட்டாள். ஆமாம், அதேதான். டுடோரியலைப் பார்த்து வீட் கருவியோடு தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது.

வீட் இல்லாத காலத்தில் ஒரு தொல்லை உண்டு. கோப்பைத் திருத்திச் சேமித்தாலும் சில நேரம் பழையதே வரும். பைத்தான் சர்வர் கேஷ் (பிரவுசர் சேமித்துவைக்கும் பிரதி) பற்றி எதுவும் சொல்வதில்லை, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் அனுப்புகிறது. அப்போது பிரவுசர் சொந்தமாகக் கணக்குப் போடும். மாறி எவ்வளவு காலம் ஆனதோ அதில் பத்தில் ஒரு பங்கு வரை புதிது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பத்து நாளாகத் தொடாத கோப்பைத் திருத்தினால் ஒரு நாள் வரை பழைய பிரதியே வரலாம் என்று அர்த்தம். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது கேஷ் வேண்டாம் என்று டிக் செய்துவிட்டால் தீர்ந்தது. வகுப்பில் முதல் நாளே எல்லார் கணினியிலும் அந்த டிக்கைப் போடச் சொல்லிவிடுகிறேன்.

கைப்பேசியில் காட்டுவது பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம். வீட்டில் அப்பா அம்மா பார்ப்பது கைப்பேசியைத்தான். பைத்தான் சர்வர் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், 192.168 என்று தொடங்கும் முகவரியை அடித்தால் பக்கம் வந்துவிடும். விண்டோஸ் ஃபயர்வால் ஒரு முறை அனுமதி கேட்கும். வீட் அப்படி இல்லை, கேட்டால்தான் வெளியே திறக்கும், கட்டளையோடு ஹோஸ்ட் என்று சேர்க்க வேண்டும். ஒரு பையன் எடைச் சீட்டை கேமராவில் பிடிக்கும் வசதி செய்திருந்தான். மடிக்கணினியில் அருமையாக ஓடியது, கைப்பேசியில் கேமராவே இல்லை என்றது. மாட்யூல்கள் எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தன. லோக்கல்ஹோஸ்ட்டை பிரவுசர் பாதுகாப்பான இடமாக ஏற்றுக்கொள்ளும், 192.168 முகவரியை எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஏற்காது, பாதுகாப்பில்லாத இடத்தில் கேமராவைக் கொடுக்காது. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட்டைத் திருப்பிவிட்டோம். கைப்பேசியிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்துத் திறந்தான், கேமரா வந்தது.

நண்பர்கள் சொல்வதில் ஒன்றை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பெரிய செயலியை மக்கள் கையில் கொடுக்கும்போது பண்ட்லரில் கட்டித்தான் கொடுக்க வேண்டும். குரோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினான வி8இன் குழுவே எழுதிய வழிகாட்டியில், மொத்தம் நூறு மாட்யூலுக்குள், ஐந்து அடுக்குக்கும் குறைவான ஆழத்தில் இருக்கும் சின்னச் செயலி என்றால் கட்டாமலேயே வெளியிடலாம் என்று ஓர் எல்லை சொல்லியிருக்கிறார்கள். எங்கள் எடைக் கணக்கு அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். அதனால் ஃபோல்டரை அப்படியே இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றிவிடுகிறார்கள். பட்டைகள் சரிந்துகொண்டே போகும் தொல்லைக்கு மட்டும் எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் மாட்யூல்பிரீலோட் என்ற லிங்க் வரிகளை எழுத வைக்கிறேன். ரசீதும் விலையும் கணக்கும் பின்னால் வரப்போகின்றன என்று பிரவுசருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்துவிடும். மெதுவாக்கிப் பார்த்தால் பட்டைகள் ஒரே கோட்டில் தொடங்குவது தெரியும்.

புதிதாக ஒரு கோப்பு சேர்த்தால் அந்த வரியையும் கையால் சேர்க்க வேண்டும், பெயர் மாறினால் அங்கேயும் மாற்ற வேண்டும். கூலிக்கு ஒரு மாட்யூல், லாரி வாடகைக்கு ஒன்று, மாதக் கணக்குக்கு ஒன்று என்று புராஜெக்ட் வளர வளர இது அவர்களுக்கு அலுத்துப்போகிறது. "இதையெல்லாம் தானா எழுதுற மாதிரி எதுவும் இல்லையா அண்ணே?" என்று அவர்களே கேட்கிற வாரத்தில், பென்டிரைவில் வீட் கருவியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.